வெள்ளமும் வினையும்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பின்னரும் அகன்று செல்லாமல், பல மணி நேரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்று பொழிந்த மழையில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் சிறு குன்றொன்றின்மேல் முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் மயிலத்தில், மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் பதிவான அளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். தமிழ்நாட்டில் அன்று வேறெவ்வூரிலும் அத்துணை மழை பெய்யவில்லை. இப்பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய மழையில் ஏறத்தாழப் பாதி, ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் வீழ்ந்துவிட்டது. அடுத்த நாள் அப்புயலின் எச்சம் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையிலும் அதே அளவு கொட்ட, சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே ஆறாயிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே வெள்ளம் பாலத்தை எட்டியதால் தென்னாட்டு ரயில்கள் நின்றன. திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பாறையும் மண்ணும் ஒரு வீட்டை மூடி, ஐந்து குழந்தைகள் உள்ளிட்ட ஏழு உயிர்களைக் கொண்டுசென்றன.

இத்தகைய பெருந்துயரம் நேர்ந்தவிடத்து, நீர் வடிந்து, சேற்றை வாரி வெளியே கொட்டி, நனைந்த நெல்லை வெயிலில் பரப்பிவிட்டுச் சற்றே உட்காரும் மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இது ஏன் எனக்கு நேர்ந்தது என்பதே அது. ஆண்டவன் சோதனை என்று சிலரும், தலையெழுத்து என்று சிலரும், அவரவர் வினை என்று வேறு சிலரும் அதற்கு விடை கூறுகின்றனர். கல்வி கற்றோர் பலர் இக்கேள்வியையும் இவ்விடைகளையும் ஒருசேர மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவர். நான் அவ்வாறு ஒதுக்க மாட்டேன். கேள்வி உண்மையானது; துன்புற்றோரின் உள்ளத்திலிருந்து எழுவது; அதற்கு வானிலை ஆய்வு மையம் தரும் விடை முற்றிலும் சரியானதாயினும், அந்த உள்ளம் கேட்டது அது மட்டுமன்று. ஆனால், வினை என்று விடை கூறுவோர் அச்சொல்லை எப்படிக் கையாளுகின்றனர், யாரை நோக்கிக் கையாளுகின்றனர் என்பதை விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கு இதைவிடத் தகுந்த மண் தமிழகத்தில் இல்லை.

ஏனெனில், அந்த வெள்ளம் பாய்ந்த தென்பெண்ணையின் தென்கரையில்தான் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அவ்வூரிலிருந்தே பன்னிரண்டே சூத்திரங்களால் ஆகிய சிவஞானபோதத்தை அருளினார். அவர் மாணவராகிய அருணந்தி சிவாசாரியார் அதனைச் சிவஞான சித்தியாராக விரித்தார். இறைவன், உயிர், தளை ஆகிய பதி, பசு, பாசம் என்ற முப்பொருளின் இலக்கணத்தை அந்நூல்கள் ஆராயும்போது, வினையின் இயல்பைப் பற்றி அவை கூறுவதைச் சாமானியப் பேச்சில் வழங்கும் வினைக்கோட்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை பெரிதாகத் தோன்றும். வினை சடம், அறிவற்றது, தானே சென்று தன்னைச் செய்தவனைத் தேடிப் பற்ற அதற்கு ஆற்றல் இல்லை, ஆகவே அதன் பயனை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. கூட்டுவிப்பதன் நோக்கம் பழிவாங்குதல் அன்று, உயிரைப் பற்றிய அழுக்காகிய மலத்தை நீக்குதலே என்பது அதனினும் முக்கியமான துணிபு. பிள்ளையைத் தந்தை அடிப்பதும் அன்பே என்பது போல, இறைவன் தரும் துன்பமும் அருளே என்று கொண்டு, இன்பமாக வருவதை அறக்கருணை என்றும் துன்பமாக வருவதை மறக்கருணை என்றும் நம் முன்னோர் வகுத்தனர்.

மயிலத்தின் தலபுராணமே மறக்கருணையின் கதை. தேவர்களைச் சிறையிட்டுச் செருக்கின் உச்சியில் நின்ற சூரபத்மன், முருகனுக்கு வாகனமாகும் பேற்றை வேண்டி மயில் வடிவ மலையாய் இங்கே தவங்கிடந்தான் என்று அப்புராணம் கூறும். பகைவனை அழிப்பது வெற்றி அன்று, அவனை மாற்றித் தன் அருகே இருத்திக்கொள்வதே வெற்றி என்ற இந்தக் கருத்தைக் காட்டிலும் உயர்ந்த சமயக் கருத்து எந்நாட்டிலும் தோன்றியதாக நான் நினைக்கவில்லை. பங்குனி உத்திரத்தன்று மலைப்படி ஏறும் காவடிகள் அத்தனையும் அந்தக் கருத்தின்மேல் வைத்த நம்பிக்கையே.

ஆயினும், இங்கே ஒரு நுட்பம் உண்டு. சூரபத்மன் தனக்கு நேர்ந்ததை மறக்கருணை என்று உணர்ந்தான். அவன் சிறையில் வாடிய தேவர்களை நோக்கி எவரும், உங்கள் சிறையும் மறக்கருணைதான், பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வேல் எடுத்து விடுவிக்கவே வந்தார் முருகன். தன் துன்பத்தைத் தன் வினை என்று ஒருவன் ஏற்பானாயின் அது ஞானத்தின் வாயில். பிறன் துன்பத்தை அவன் வினை என்று அதே மனிதன் கூறுவானாயின் அது கல்நெஞ்சின் வாயில். நம் சமய வாழ்வில் இவ்விரண்டும் கலந்துபோய்விட்டன. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவ மக்கள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அக்குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 10 லட்ச ரூபாயைப் பழித்துப் பேசியவர் பலர். குடித்தவன் வினை என்று அவர்கள் சொன்ன அந்த வார்த்தையில், ஆலைகளுக்குரிய விஷத்தைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து விற்றவன் வினை ஏனோ இடம்பெறவில்லை.

இத்தகைய விவாதத்தில் நம் நாட்டின் இரு பெரியோர் ஒருமுறை நேரெதிர் நின்றனர். அதன் தொடக்கமும் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பூகம்பம் குலுக்கி ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்காக ஆண்டவன் நமக்கு அளித்த தண்டனையே அப்பூகம்பம் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். இரவீந்திரநாத தாகூர் அதைப் படித்து வருந்தி மறுப்பு எழுதினார். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு என்றும், குற்றமற்றோரைக் கொன்று குற்றவாளிகளுக்குப் பாடம் கற்பிக்கும் தெய்வம் ஒன்று இருக்குமானால் அதனினும் மனித இயல்பே அறத்தில் மேம்பட்டதாகிவிடும் என்றும், இதே தர்க்கத்தைக் காந்தியடிகளின் எதிரிகள் அவருக்கு எதிராகவே திருப்பிவிடலாம் என்றும் அம்மறுப்பு சொல்லிற்று. தம்மை மறுத்த அக்கட்டுரையைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழிலேயே பிப்ரவரியில் பிரசுரித்துத் தம் விடையையும் உடன் எழுதினார். அந்தப் பெருந்தன்மைக்கு முன் நாம் தலைவணங்கலாம். விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை மட்டும் சொல்லாமல் விடமுடியாது.

தாகூரின் பக்கமே நியாயம். பீகாரில் இடிந்த சுவர்களின் கீழ் மடிந்தோருள் தீண்டாமைக்கு ஆளானோரும் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்கள் யார் பாவத்துக்காக மடிந்தனர்? தம் நெஞ்சிலும் தம் சமூகத்தின் நெஞ்சிலும் பாவ உணர்ச்சியைத் தூண்டிப் பிராயச்சித்தம் செய்விக்கவே காந்தியடிகள் அவ்வாறு பேசினார் என்பதை அறிந்தபோதும், திருநெல்வேலியில் கூடியிருந்தோரைத் திருத்துவதற்காகப் பீகாரின் பிணங்களைச் சாட்சிக்கு அழைப்பது தர்மம் ஆகாது என்றே என் மனம் சொல்லுகிறது. தீண்டாமையின் பாவத்தை நிரூபிக்கப் பூகம்பம் தேவையில்லை. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் சென்று வழிபட்டதைப் பொறாது 2023 ஏப்ரலில் எழுந்த சண்டையால், அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்கு மட்டும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 17ஆம் நாள்தான் அம்மக்கள் உள்ளே சென்று வழிபட முடிந்தது. அந்த அநீதியைக் கண்டிக்கப் புயல் ஒன்றைத் துணைக்கு அழைப்போமானால், புயலில் கூரை இழந்த ஏழைகளுள் பலர் அதே மக்கள் என்னும் உண்மை நம் தர்க்கத்தை உடனே சிதைத்துவிடும்.

இனி, இக்காலத்தின் புதிய சிக்கலுக்கு வருகிறேன். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயருமானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும் என்பது பௌதிகம் அறிந்தோர் அனைவரும் ஒப்பும் உண்மை. நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதகுலம் எரித்து எரித்து, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தினும் ஏறத்தாழ 1.55 டிகிரி மிகுந்த வெப்பத்தோடு 2024ஆம் ஆண்டு கழிந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. குறிப்பிட்ட ஒரு புயலுக்கு அதுவே முழுக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. புயல்கள் எக்காலத்தும் வந்தன. ஆனால், வந்த புயல் பொழியும் நீரின் அளவு மிகுவதற்கு அந்த வெப்பம் துணைசெய்கிறது. அந்த வெப்பத்தை உண்டாக்கியவர்கள் யார்? மயிலத்தைச் சூழ்ந்த மானாவாரி மேட்டில் மணிலாவும் உளுந்தும் விதைப்பவனா? அவன் வாழ்நாள் முழுவதும் எரித்த எரிபொருளைப் பெருநகரத்துச் செல்வர் ஒருவரின் குடும்பம் மிகச் சில ஆண்டுகளில் எரித்துவிடும். மேலைநாடுகள் இருநூறு ஆண்டுகளாக எரித்ததை இங்கே சொல்லவும் வேண்டா. செய்தவன் ஒருவன், துய்ப்பவன் வேறொருவன் என்று ஆகிவிட்டது. செய்தவனே துய்ப்பான் என்பது வினைக்கோட்பாட்டின் உயிர்நாடி ஆயிற்றே. அப்படியானால் இந்த வெள்ளத்தின் முன் அக்கோட்பாடு தோற்றுவிட்டதா?

தோற்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதை முழுமையாகக் கொண்டால்தான் தோற்காது. சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினை மூவகைப்படும். முன் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவிக்கென்று வந்து துய்க்கப்படுவது பிராரப்தம். துய்க்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். ஒருவன் இன்னொருவனைத் தடியால் அடிக்கிறான் எனின், அடிபட்டவன் பட்டது அவன் பிராரப்தம் என்று சித்தாந்தி கூறலாம். ஆனால் அதே வாயால், அடித்தவனுக்கு அது ஆகாமியமாக ஏறிற்று என்றும் கூறியே தீரவேண்டும். அடிபட்டவனின் பிராரப்தம் அடித்தவனின் குற்றத்தை ஓர் அணுவளவும் குறைப்பதில்லை. ஆகவே, எண்ணெய் எரித்துச் செல்வம் சேர்த்தவர், ஏரிக்குள் மனை போட்டு விற்றவர், வாய்க்காலை மூடிச் சாலை போட்டவர் யாவரும் தத்தம் கணக்கில் எழுதப்படுவதிலிருந்து தப்ப இக்கோட்பாட்டில் ஒரு சந்தும் இல்லை. துன்புறுவோனைக் கண்டும் காணாமல் போனவனுக்கும் அந்தக் கணக்கு உண்டு. பிறருடைய பிராரப்தம் இறைவன் ஒருவனே அறிந்தது. நான் அறியக்கூடியதும் மாற்றக்கூடியதும் என் ஆகாமியம் ஒன்றுதான். மெய்கண்டார் மரபைப் பின்பற்றுவோம் என்போர் வெள்ளத்தின்போது பேசத் தகுந்தது இந்த ஆகாமியத்தைப் பற்றியே. நம் மேடைகளிலோ பிராரப்தத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர்.

நான் புதிதாக ஒன்றும் கூறிவிடவில்லை. இம்மண்ணுக்குச் சற்றே தெற்கில், வடலூரில், 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டிய இராமலிங்க அடிகள், ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில் இந்த ஆட்சேபத்தையே எடுத்துக்கொண்டு விடை கூறியிருக்கிறார். முன்வினைக்கு ஈடாக இறைவன் பசியை விதித்தவர்களுக்கு நாம் சோறிடுவது அவன் ஆணைக்கு மாறாகாதா என்ற வாதத்தை அவர் முன்வைத்துக்கொண்டு, தான் சிறையிட்ட குற்றவாளிகளுக்கும் அரசன் சேவகரைக்கொண்டு உணவளிக்கிறான் அன்றோ என்று அதனைத் தகர்க்கிறார். சைவத்தின் மறுப்பாளர் எவரும் எழுதியது அன்று இது. சைவத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஓர் உள்ளம், வினைக்கோட்பாட்டைக் கருணையின் தடையாக நிற்க விடமாட்டேன் என்று சூளுரைத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

நூல் கல்லாத மக்களும் இதை அறிந்தே இருக்கின்றனர் என்பதற்கு இவ்வட்டாரத்துத் தெருக்கூத்து சாட்சி. விழுப்புரம், செஞ்சி, திருவண்ணாமலைப் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் இரவிரவாக ஆடப்பட்டுப் படுகளத்தில் முடிவதை அறிந்தவர் அறிவர். கர்ணன் அதர்மத்தின் பக்கம் நின்றவன், சாபங்களைத் தேடிக்கொண்டவன், அவன் முடிவை வினையின் விளைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், கர்ண மோட்சம் ஆடும் இரவில் ஊரே அவனுக்காக அழுகிறது. இறந்தோர்க்குச் செய்யும் காரியத்தின்போது அக்கூத்தையே விரும்பி ஆடவைக்கும் வழக்கமும் உண்டு. கூத்தின் கோமாளியாகிய கட்டியங்காரன் எத்தனை கேலி பேசினாலும், இது அவன் வினை, இதற்கு ஏன் அழுகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. வினையை ஒப்பிக்கொண்டே அழுவதற்குக் கற்றுத்தந்த அக்கலை, பல பிரசங்கங்களைவிட நுட்பமான சமய போதனை என்பது என் எண்ணம்.

காரணத்தை ஆராய்ந்தால் தெய்வ நம்பிக்கை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். பெரியம்மையை மாரியம்மனின் வருகை என்றே நம் பாட்டனார் கருதினர். அது ஒரு கிருமியின் வேலை என்று தெரிந்து, அம்மை குத்துதல் ஊர்தோறும் பரவி, 1980ஆம் ஆண்டு அந்நோய் உலகினின்றே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் மாரியம்மன் கோயில் ஒன்றேனும் பாழாயிற்றா? ஆடியில் கூழ் வார்ப்பது நின்றதா? குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் வேலையைத் தாயின்மேல் ஏற்றியிருந்த பழி நீங்கி, அவள் காக்கும் தாயாக மட்டும் நின்றாள். வெள்ளம் வடிந்த பின் கிணற்று நீரில் குளோரின் இடுவதும், எலிக்காய்ச்சலுக்கு மருந்து தருவதும் அவ்வாறே ஆண்டவன் ஆணைக்கு மாறானவை அல்ல. அண்ணாமலையைச் சிவமாகவே தொழும் நாம், அந்த மலையின் மண் எவ்வளவு நீர் தாங்கும் என்று அறிவதும் அந்தத் தொழுகையைச் சேர்ந்ததே. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் கார்த்திகைத் தீபத்தன்று, புவியியல் வல்லுநர்களின் ஆலோசனையைக் கேட்டு, பக்தர்கள் மலையேறுவது நிறுத்தப்பட்டுப் பணியாளர் மட்டும் ஏறித் தீபம் ஏற்றினர். தீபம் எப்போதும்போல் எரிந்தது. மலையடியில் வீடு கட்டிக் குடியிருப்போரைப் பழிப்பதற்கு முன், சமவெளியில் அவர்களுக்கு வாங்கக்கூடிய விலையில் ஒரு மனையேனும் நாம் விட்டுவைத்தோமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாயும், நீரில் அழுகிய நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அது போதுமா என்பது வேறு விவாதம். அதைக் கொடுப்போர் தானம் கொடுப்பதாக எண்ணுவதும், வாங்குவோர் பிச்சை வாங்குவதாகக் கூசுவதும் தவறு. மேலே சொன்ன கணக்கின்படி அது ஈடுகட்டப்படும் கடன். அதுவும் முழுக் கடனில் சிறு பகுதியே.

ஆகவே, இவ்வட்டாரத்தின் மடங்களையும் கோயில் அறங்காவலர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வீரசைவ மரபில் வந்து, மலையின்மேல் முருகனுக்குப் பணிசெய்து, அடிவாரத்தில் தமிழ்க் கல்லூரியும் நடத்திவரும் மயிலம் பொம்மபுர ஆதீனம் போன்ற நிலையங்களின் ஒரு வார்த்தைக்கு மக்களிடம் உள்ள மதிப்பு அதிகாரிகளின் சுற்றறிக்கைக்கு இல்லை. வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே, கோயில் மண்டபங்களும் மடத்துச் சத்திரங்களும் திருமணக் கூடங்களும் வெள்ளக்காலப் புகலிடங்கள் என்று ஊர்தோறும் அறிவிக்கச் செய்யுங்கள். அங்கே வருபவர் எந்தத் தெருவினர் என்று கேட்கப்படமாட்டாது என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லச் செய்யுங்கள். வீடூர் அணையிலிருந்து வராக நதியில் நீர் திறக்கப்படும் செய்தி இரவு எந்நேரத்தில் வந்தாலும், கோயில் மணியை அடித்து ஊரை எழுப்ப ஓர் ஆளை நியமியுங்கள். ஃபெஞ்சல் பெய்த இரவில் மேல்பாதி அம்மன் கோயில் பூசைக்கு மட்டுமே திறக்கப்பட்டிருந்தது; வழிபடுவோர் எவருக்கும் அதன் வாயில் அன்று திறந்திருக்கவில்லை.